சாலோமி மிஸ்ஸின் கழுவுதொட்டி ஆய்வு

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் கற்றுக்கொடுத்த சாலோமி மிஸ்ஸுக்கு மெதுவாகச் சிரிக்க வராது. அந்தச் சிரிப்பை வைத்தே, எந்த வகுப்பில் இருக்கிறார் என்று மாடிப்படியிலேயே தெரிந்துவிடும். எடுத்த காரியத்தைப் பாதியில் விடவும் அவருக்கு வராது. தொண்ணூற்றாறில் அதற்குத்தான் சோதனை வந்தது.

இறுதியாண்டு அறிவியல் மாணவிகள் புராஜெக்ட் செய்யும்போது உண்மையில் என்ன பாடுபடுகிறார்கள் என்பது அவருடைய பிஎச்.டி. ஆய்வு. ஆசிரியர் அறையில் டேப் ரெக்கார்டரை மேசைமேல் வைத்து, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். யாரும் உட்காரவில்லை. "பரவால்ல மிஸ்" என்று கைகட்டி நின்றார்கள். கேஸட் சுற்றத் தொடங்கியதும் எல்லாருக்கும் ஒரே குரல் வந்தது: "இந்தப் புராஜெக்ட் எனக்கு நல்லதொரு அனுபவமாக அமைந்தது. வழிகாட்டிய பேராசிரியருக்கு நன்றி."

வீட்டில் போட்டுக் கேட்டபோது கணவர் வேதமுத்து இட்லியைப் பிட்டபடி, "ஞாயிறு பள்ளிப் பிள்ளைய வசனம் ஒப்பிக்க மாதிரில்லா இருக்கு! பரிசு யாருக்கு சாலோமி?" என்றார்.

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய பிஎச்.டி. நெறியாளரும் அந்தக் கேஸட்டைக் கேட்டிருந்தார். "இதுல ஆராய என்னம்மா இருக்கு? மாசக் கடைசிக்குள்ள நாலு பேராவது மனசு விட்டுப் பேசணும். இல்லைன்னா தலைப்பை மாத்திருங்க" என்று சொல்லியிருந்தார்.

அந்த வாரம் மாணவிகளின் வாய்மொழித் தேர்வு முடிந்து, கண்ணாடிச் சாமான்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும் நாள். ஆய்வுக்கூடத் தொட்டியில் குவிந்து கிடந்ததைப் பார்த்த மிஸ், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜெசி, கோமு என்ற இரண்டு மாணவிகளுக்கு நடுவில் போய் நின்று பிரஷ்ஷை எடுத்தார். பேட்டி எடுக்க அல்ல. உடைத்துவிடுவார்களே என்ற பயம்.

மூன்று பேரும் சுவரைப் பார்த்து நின்று தேய்த்தார்கள்.

"ஏட்டி கோமு, அந்தச் செம்புக் கதையச் சொல்லேன்" என்றாள் ஜெசி.

"சும்மா கெட. மிஸ் நிக்காங்க."

"மிஸ்ஸும் நம்ம கூடத்தான ஏனம் கழுவுதாங்க! சொல்லுட்டி."

அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சிப் பெண் கோமு. தாமிரபரணித் தண்ணீரைச் சோதிப்பதுதான் அவள் புராஜெக்ட்.

"தண்ணி எடுக்கக் காலேஜ்ல குடுத்த கேன் அழுக்கா இருக்குன்னு எங்கம்ம அவங்க சீதனச் செம்பை எடுத்தாங்க மிஸ். காலேஜுக்குப் போற தண்ணியாச்சேன்னு புளி போட்டு வேற வெளக்கிக் குடுத்தாங்க. உள்ள அடியில புளி ஒட்டியிருந்ததை நான் பாக்கல. இங்கன வந்து சோதிச்சா ஒரே அமிலம்!"

மிஸ்ஸின் பிரஷ் நின்றது. "பெறவு?"

"ஆத்துல யாரோ கழிவை விடுதாங்கன்னு நெனச்சு, அப்பளம் போடுத வீடு வீடாப் போயி வெசாரிச்சேன். பாலம்மாள் அத்தை அப்பளக் குழவியத் தூக்கிட்டு வந்துட்டாங்க. ஓடிவந்து மூச்சு வாங்கும்போதுதான், அப்பளக்காரம் அமிலத்துக்கு நேர் எதிராச்சேன்னு ஒறைச்சுது."

மிஸ் சிரித்த சிரிப்பில் அடுத்த துறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

"ரெண்டு நாளு சோறு எறங்கல மிஸ். மறுபடி தண்ணி எடுக்கப் போயி செம்பைக் கவுத்தேன். பொத்துனு விழுந்துச்சு புளி! கேனைக் கழுவி, முதல்லேருந்து எல்லாத்தையும் செஞ்சேன். அப்பதான் நெசமாவே நான் ஏதோ கண்டுபிடிச்ச மாதிரி இருந்துச்சு."

"இதை ஏன் பிள்ளே டேப்புல சொல்லல?"

"எப்படி மிஸ் சொல்ல? எங்க கைடு சார் பக்கத்து மேசையிலல்லா இருந்தாங்க!"

ஆசிரியர் அறையில் பேட்டி எடுத்த புத்திசாலித்தனம் அப்போதுதான் மிஸ்ஸுக்கு விளங்கியது. அதற்குள் எதிர்த் தொட்டியிலிருந்த அனுராதா, "எங்கதை இதைவிட மோசம் மிஸ்" என்று ஈரக் கையோடு வந்துவிட்டாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"கோமு, இதை நான் எழுதிக்கிடலாமா?"

கோமு யோசித்தாள். "புளியப் போட்டுக்கிடுங்க மிஸ். எம்பேரு வேண்டாம். முக்கியமா எங்கம்ம பேரு வேண்டவே வேண்டாம்."

மாதக் கடைசியில் நெறியாளர் முன் வைத்த தாள்கள் கழுவுதொட்டி ஈரத்தில் நெளிந்து கிடந்தன. அவர் மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்து, "குழவி எடுத்துட்டு வந்தாங்களா?" என்றார். தலைப்பு மாறவில்லை.