கற்பூரம் அணைத்த ரோபோ

சித்தப்பா வேலை பார்த்த கம்பெனிக்கு ரோபோ வந்த ஆண்டு எது என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. அப்பா ஓர் ஆண்டைச் சொல்வார். அம்மா அதற்கு அடுத்ததைச் சொல்வார். சித்தப்பா எதையும் சொல்ல மாட்டார். ஆதாரம் என்று பார்த்தால், கம்பெனியில் ஆயுத பூஜையன்று எடுத்த ஒரே ஒரு புகைப்படம் இருக்கிறது. அதன் மூலையில் ஆரஞ்சு எண்களில் தேதியும் அச்சாகியிருக்கிறது. கேமராவில் தேதி வைக்கத் தெரியாதவர் எடுத்த படம். அதை நம்பினால், நான் பிறப்பதற்கு முன்பே பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு அங்கே நிற்கிறேன். ஆகவே வேறு வழியில்தான் கணக்கிட வேண்டும். ஏரிகள் வற்றி, அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் தெருத்தெருவாகத் தண்ணீர் லாரி வந்த கோடையை அடுத்த ஆயுத பூஜை அது. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். இவை இரண்டிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

காலையில் வரும் என்று சொன்ன லாரி மாலையில் வரும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நாங்கள் காவல் இருப்போம். கூட ஒரு பெரியவரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குடங்கள் தாமாகவே இடம் மாறிவிடும். எங்கள் வீட்டின் சார்பாக, முதல் ஷிப்ட் முடித்து வந்த சித்தப்பா உட்காருவார். திருமழிசை தொழிற்பேட்டையில் கார் சீட்டுகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனியில் அவர் வெல்டர். ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த வாடகை நூல்நிலையத்திலிருந்து ரோபோ கதைகளாகத் தேடித் தேடி எடுத்து வருவார். அட்டை கிழிந்த, பழுப்பேறிய மொழிபெயர்ப்புகள். பலவற்றில் கடைசிப் பக்கங்கள் இருக்காது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. லாரி எப்போது வருகிறதோ அதற்கேற்ப முடிவை அவரே நீட்டுவார், குறுக்குவார். லாரியின் ஹாரன் கேட்டதும் எத்தனையோ கிரகங்கள் அவசர அவசரமாகக் காப்பாற்றப்பட்டிருக்கின்றன.

பிற்காலத்தில் அந்தக் கதைகளில் சிலவற்றை முழுதாகத் தேடிப் படித்தேன். அவை வெளிவந்த வரிசைப்படி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். சித்தப்பாவின் முடிவுகளுக்கும் அவற்றின் முடிவுகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சந்திரனில் தனியாக விடப்பட்ட ஒரு ரோபோ, எஜமான் திரும்பி வருவான் என்று காத்திருந்து துருப்பிடித்துப் போவதாக ஒரு கதை. சித்தப்பா சொன்னபோது அது துருப்பிடிக்கவில்லை. அடுத்த ராக்கெட்டில் எஜமானின் பெண் வந்து அதை அம்பத்தூருக்கு அழைத்து வந்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மாறவே மாட்டார். எந்தக் கதையாக இருந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிடுவார்: "ரோபோன்னா சும்மா இல்ல. கம்பெனிய வுட்டு வெளிய வரும்போதே, யாருக்கும் கெடுதல் பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுதான் வரும்."

அவரோடு அதே வெல்டிங் லைனில் வேலை செய்த கூட்டாளி ஒருவர் இருந்தார். சித்தப்பா அவரை அண்ணாத்தே என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இரண்டு தெரு தள்ளி வீடு. அவருடைய பைக்கில்தான் இருவரும் வேலைக்குப் போய் வந்தார்கள். கதை நேரத்தில் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு அவரும் கேட்பார். கேட்பதோடு விட மாட்டார்.

"மாமே, அந்த ரோபோக்கு ஓட்டி உண்டா?"

"ஓட்டியெல்லாம் கிடையாது. ஓவர்டைம்னு ஒண்ணே அதுக்குத் தெரியாது."

"அப்ப அது ரோபோ இல்ல மாமே, நம்ம காண்ட்ராக்ட் பசங்கதான்."

வரிசையில் இருந்த பெண்கள் சிரிப்பார்கள். அண்ணாத்தேயே காண்ட்ராக்ட் ஆள்தான். அந்த லைனில் இருந்த ஆறு வெல்டர்களில் சித்தப்பா ஒருவர்தான் நிரந்தரம். மற்ற ஐந்து பேரையும் கம்பெனி வேண்டும்போது வைத்துக்கொள்ளலாம், வேண்டாதபோது நிறுத்தலாம்.

ஆவணி முடியும் சமயத்தில் நிஜமாகவே ஒரு ரோபோ வந்து இறங்கியது. அதற்குக் கற்றுக்கொடுக்கும் வேலையைச் சித்தப்பாவிடம் கொடுத்தார்கள். கேபிளில் தொங்கும், கையில் பிடிக்கும் பெட்டி ஒன்று இருக்கும். அதில் உள்ள பட்டன்களை அழுத்தி ரோபோவை ஒவ்வோர் இடமாக நகர்த்திக் காட்ட வேண்டும். கை எந்தக் கோணத்தில் சாய வேண்டும், எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்பதையெல்லாம் அது அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். அந்த லைனில் சித்தப்பாவின் வெல்டிங்தான் நேர்த்தி என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். பள்ளியில் நானும் சொன்னேன். எங்கள் சித்தப்பா ரோபோவுக்கு வாத்தியார் என்றதை ஒருத்தியும் நம்பவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள், குடங்களுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தபோது இருவரும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"நீ சொல்லிக் குடுக்காத மாமே. அத்த கொண்டாந்து நிறுத்துனவன் சொல்லிக் குடுக்கட்டும்."

"நான் மாட்டேன்னா பூனாலேர்ந்து ஒருத்தன் வந்து பண்ணிட்டுப் போவான்."

"வரட்டுமே. அவன் மூஞ்சிய நான் தினிக்கும் பாக்கத் தேவல்ல."

சித்தப்பா ஒரு குடத்தை வரிசையில் நேராக நகர்த்தி வைத்தார். பிறகு, யாரையும் நிறுத்தப் போவதில்லை என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார், கூட ஒரு கை என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார் என்றார். "உன் வாயால நீ சொல்லு, அவரு வாயால வாணாம்" என்றார் அண்ணாத்தே. அதற்குள் லாரி வந்துவிட்டது.

அண்ணாத்தேவின் பயம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஐந்து பேர் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார். அந்தப் பயம் தேவையற்றது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. வேலையைப் பறிப்பது கெடுதல். கெடுதல் செய்வதில்லை என்று ரோபோ சத்தியம் செய்திருக்கும். இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த இந்த ரோபோ சத்தியம் செய்துவிட்டு வந்ததா, அவசரத்தில் செய்யாமல் வந்துவிட்டதா?

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பங்களை அழைப்பார்கள். பூந்தமல்லி வழியாக வேன் போனது. கம்பெனிக்குள் அன்று எந்த இரைச்சலும் இல்லை. எல்லா மெஷின்களையும் துடைத்து, விபூதிப் பட்டை இட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஷட்டருக்கு இரு புறமும் வாழைக்கன்று. ரோபோவைக் காட்டினார்கள். மஞ்சள் கம்பி வேலிக்குள் ஒற்றைக் கை மட்டும் நின்றது. தலை இல்லை, கால் இல்லை, கண் இல்லை. கையின் நுனியில் வெல்டிங் செய்யும் குழல். முழங்கை போல மடங்கிய இடத்தில் செவ்வந்தி மாலை தொங்கியது. எனக்குப் பெரிய ஏமாற்றம். மீதி உடம்பு பிறகு வரும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

மேனேஜர் வேலிக்குள் போய், அதன் முன்னால் இருந்த இரும்பு மேஜையில் தட்டை வைத்துக் கற்பூரம் ஏற்றினார். எல்லோரும் கும்பிட்டார்கள். பூஜை முடிந்ததும் ஒவ்வொரு மெஷினையும் ஒரு தரம் ஓட்டிக் காட்டுவது வழக்கம். மற்றவை ஓடி முடிந்தன. சித்தப்பா அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வேலிக் கதவைச் சாத்தினார். தட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. எங்கள் தெருவில் சண்டை முற்றினால் கடைசியில் கற்பூரத்தில்தான் வந்து நிற்கும். கொழுந்துவிடும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தவனை அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

"சித்தப்பா, இது சத்தியம் பண்ணிடுச்சா?"

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். என்ன சத்தியம் என்று மேனேஜர் கேட்டார். கதைகளில் வருவதை நான் விளக்கினேன். அவர் பலமாகச் சிரித்து, "அப்படின்னா இப்பவே வாங்கிடும்மா" என்றார்.

நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பள்ளியில் உறுதிமொழி சொல்லும் குரலில் கேட்டேன். "எங்க சித்தப்பாவுக்குக் கெடுதல் பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பின்னாலிருந்து அண்ணாத்தேவின் குரல் வந்தது. "சித்தப்பாக்கு மட்டும்தானா பாப்பா? நாங்க இன்னா ஆவறது? எங்களையும் சேத்துக்கோ."

நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவர் கேட்டது நியாயம் என்று எனக்குப் பட்டது. "அண்ணாத்தேவுக்கும் இங்க வேல செய்யற எல்லாருக்கும் கெடுதல் பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று திருத்திச் சொன்னேன்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெல்டர்கள் ஐந்து பேரும் சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரோபோவைப் பார்க்காமல் இவரை ஏன் பார்க்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. சித்தப்பா பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் அப்படியே பெட்டியை வைத்துவிடுவார் என்றுகூட நினைத்தேன்.

பிறகு அந்தக் கை மெல்லக் குனிந்தது. மாலை சரிந்து ஒரு பக்கமாகத் தொங்க, தட்டை நோக்கி இறங்கி, சுடருக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. கற்பூரம் அணைந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணாத்தே மட்டும் கைதட்டவில்லை. சித்தப்பாவிடம் போய் அவர் தோளில் கை வைத்தார். "போதும் மாமே" என்றார். அவ்வளவுதான். எல்லோரும் பூசணிக்காய் உடைக்க வெளியே போனோம்.

வெல்டிங் குழலின் நுனியில் கம்பியோடு ஒரு வாயுவும் வரும், உருகும் இரும்பின் மேல் காற்றுப் படாமல் காப்பதற்கு. அது பட்டால் சுடரும் அணைந்துவிடும். அந்த வாயு சரியாக வருகிறதா என்று சோதிக்க, சித்தப்பா கையில் இருந்த பெட்டியில் தனியாக ஒரு பட்டன் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அதுவரை, உலகத்தில் சத்தியம் செய்த ரோபோவை நேரில் பார்த்த ஒருத்தி நான்தான் என்ற எண்ணத்திலேயே வளர்ந்தேன்.

அந்தப் பழைய கதைகளை ஏன் இன்னும் விடாமல் படிக்கிறார்கள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எழுதியவர்களில் அநேகர் வேலை செய்யும் ரோபோ ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் ஊகித்த சக்கரங்களும் விளக்குகளும் இன்று சிரிப்பை வரவழைக்கின்றன. ஆனால் அந்த ரோபோக்களோடு பேச முடியும். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால், திருப்பி ஒரு பதில் சொல்லும். சில சமயம் வருத்தம்கூடப் படும். மனிதர்களிடம் கேட்கத் துணியாததை ஒரு யந்திரத்திடம் கேட்டுப் பதில் வாங்கும் ஆசை பழசாவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் இன்றைக்கும் அவற்றைப் படிப்பது அதற்காகத்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி திறந்தபோது ஐந்து பேரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாத்தேவின் பைக் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது நின்றது. சித்தப்பா பஸ்ஸில் போகத் தொடங்கினார். ரோபோ எப்படிச் சத்தியத்தை மீறலாம் என்று அவரிடம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வெகுநேரம் யோசித்து, அதற்குத் தமிழ் தெரிந்திருக்காது என்ற முடிவுக்கு நானாகவே வந்தேன்.

பள்ளி முழுப்பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் சித்தப்பா என்னை ஆவடிக்கு அழைத்துப் போனார். வந்து நின்ற ஷேர் ஆட்டோவை ஓட்டியவர் அண்ணாத்தே. சித்தப்பா பின்வாங்கினார். நான் அதற்குள் ஏறி முன்பக்கம் அண்ணாத்தே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏறு மாமே. இடம் கீது."

சித்தப்பா பின்னால் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் அண்ணாத்தே என்னிடம் கேட்டார். "இன்னா பாப்பா, எப்டி கீறான் உங்க ரோபோ?"

"அது பொய் சத்தியம் பண்ணிடுச்சு, அண்ணாத்தே. அதுக்குத் தமிழ் தெரியாது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியை நிமிர்த்திப் பின்சீட்டைப் பார்த்தார். "அது மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல பாப்பா. பாவம், அதுக்கு இன்னா தெரியும்?"

திருமுல்லைவாயலிலேயே நிறுத்தச் சொல்லிச் சித்தப்பா இறங்கிக்கொண்டார். ஆவடி இன்னும் வரவில்லை என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. வெயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் குதித்துக் குதித்து நடந்தேன். அண்ணாத்தே ரோபோவை மன்னித்துவிட்டார் என்று அவரிடம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை போலிருந்தது. மறுபடியும், இன்னும் உரக்கச் சொன்னேன். இவ்வளவு நல்ல செய்தியை ஒருவரிடம் ஏன் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.