தொழில் என்ற கட்டத்தில் நான் எழுதியது

என் சித்தி தனேஸ்வரிக்கு நாற்பத்தேழு வயது. சுங்கை ஆயர் தாவாருக்கு உள்ளே ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை. இருபத்திரண்டு வருடமாக முதுகில் பம்பு சுமக்கிறார். நிறைத்தால் பதினெட்டு லிட்டர். அவருடைய வலைப்பதிவின் பெயரும் அதுதான்: ‘பதினெட்டு லிட்டர்.’

அந்தப் பதிவைத் தொடங்கிக் கொடுத்தவன் நான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நான் அங்கி போட்டு எடுத்த படம் சித்தி வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கோவிட் அடைப்புக் காலத்தில் சித்தி குடும்ப வாட்சப்பில் நீளநீளமாக எழுதுவார். ஒருவரும் படிப்பதில்லை. “இங்க எழுதுங்க சித்தி, படிக்கிறவங்க படிப்பாங்க” என்று அவர் கைப்பேசியிலேயே அமைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வேலையில் ஓய்வு கிடைத்தால் கையுறையைக் கழற்றிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து ஒரே விரலால் எழுதினார்.

மேற்பார்வை பார்க்கும் மண்டோரைப் பற்றி ஒரு பதிவு இப்படிப் போகும்: “காத்து திரும்பி மருந்து மூஞ்சில அடிக்குது. மண்டோர் சொல்றான், காத்துக்கு முதுக காட்டு லான்னு. முதுகுலதான் பம்பு இருக்கே, காட்டுறதுக்கு எங்க எடம்?”

மூன்று வருடத்தில் இருநூறு பேர் தவறாமல் படித்தார்கள். முதல் ஆளாகக் கருத்து எழுதுபவர் பிளோரன்ஸ். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் அவரும் மருந்தடிப்பவர். “அக்கா, எனக்கும் அதே தோள்தான் வலிக்குது” என்று எழுதுவார். இருவரும் நேரில் பார்த்ததில்லை.

போன வருடம் கோல சிலாங்கூரில் ஒரு பள்ளி மண்டபத்தில் தமிழ் வலைப்பதிவர் மாநாடு. ஏற்பாட்டாளன் முகுந்தன், பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழன். பதிவில் தொடர்புக்கு என் பெயரையும் உறவையும் போட்டிருந்தேன்; சித்தியைப் பேச அழைக்கத்தான் எனக்குப் போன் செய்தான்.

“மச்சான், ‘பதினெட்டு லிட்டர்’ ஒன் சித்தியா? ஒரு வார்த்த சொல்லலயேடா! ஆனா ஒன் சித்தி சூப்பர்வைசர்னுதானே சொன்ன?”

சொல்லியிருந்தேன். முதலாண்டில், விடுதியில். அவன் அப்பா அம்மா இரண்டு பேரும் ஆசிரியர்கள். பேச்சு என் குடும்பத்துக்கு வந்தபோது வாயில் வந்தது அது.

“ஆமாடா” என்றேன்.

“அப்ப இதெல்லாம் கற்பனையா? ஒரு மேற்பார்வையாளர் தொழிலாளியா மாறி எழுதுறாங்க. செம்ம லா!”

அப்போதே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அவன் அனுப்பிய பதிவுப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் ‘தோட்ட மேற்பார்வையாளர்’ என்று தட்டி அனுப்பினேன்.

மாநாட்டு நாள் சித்தி தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு என் மைவி காரில் ஏறினார். செகிஞ்சான் வயல்களைத் தாண்டும் வரை பிளோரன்ஸ் எப்படி இருப்பார் என்பதே பேச்சு. குள்ளமாக இருப்பாளாம், சத்தமாகச் சிரிப்பாளாம். எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறதாம்.

வாசலில் பெயர் அட்டை கொடுத்தார்கள். சித்தி அதைக் கண்ணிலிருந்து எட்டப் பிடித்துப் படித்தார்.

“டேய் லோகா, எவனோ மண்டோர் அட்டைய எனக்கு மாட்டிவிட்டுட்டானுங்க. மாத்தித் தரச் சொல்லு.”

“இல்ல சித்தி. நான்தான் அப்பிடிப் போட்டேன். ஒரு மரியாதைக்கு.”

“யாருக்குடா மரியாத?”

நான் வாய் திறப்பதற்குள் மேடைக்கு அழைத்துவிட்டார்கள். முகுந்தன் ஒலிவாங்கியில் என்னிடம் சொன்னதையே அழகு தமிழில் சொன்னான்: மேற்பார்வையாளராக இருந்துகொண்டே மருந்தடிக்கும் பெண்ணின் வலியைக் கற்பனையில் வடித்தவர். கைதட்டல்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். உயரமானவர். பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கியிருந்தார்.

“நான் பிளோரன்ஸ். அக்கா, அப்ப நீங்க பம்பு தூக்குனதே இல்லயா? என் தோள் வலிய ஒங்ககிட்ட எழுதுனேனே. அத எடுத்துத்தான் கத எழுதுனீங்களா?”

சித்தியின் கண் என்னைத் தேடியது. நான் மூன்றாம் வரிசையில் பழைய பல்கலைக்கழகக் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தேன்.

“அட்டையில தப்பா வந்திருச்சும்மா” என்றார் சித்தி. “நானும் பம்பு தூக்குறவதான்.”

என் பெயரை எடுக்கவில்லை. முகுந்தன் சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியை வாங்கினான். “அம்மாவோட அடக்கத்தப் பாருங்க! கதாபாத்திரத்துலேர்ந்து வெளிய வரவே மாட்டேங்கிறாங்க!” மண்டபம் மறுபடி கைதட்டியது. எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த மண்டபத்தில் உண்மை தெரிந்த ஒரே சாட்சி நான். பக்கத்தில் இருந்தவன் என் தொடையைத் தட்டி, “ஒன் சித்தி கில்லாடிடா” என்றான். நானும் கைதட்டினேன்.

தேநீர் நேரத்தில் சித்தி ஒவ்வொரு மேசையாகத் தேடினார். பிளோரன்ஸ் போய்விட்டிருந்தார். சித்தியின் பையில், பம்பு வார் தோளில் வெட்டாமல் இருக்க, பழைய துவாலையில் பஞ்சு வைத்துத் தைத்த இரண்டு மெத்தைகள் இருந்தன. பிளோரன்ஸுக்காகத் தைத்தவை. அவற்றைத் திரும்ப மடித்து உள்ளே வைத்தார்.

வரும் வழியில் சபாக் ஊரைத் தாண்டியதும் சித்தி கேட்டார்: “அட்டையில எழுதுனது போவட்டும். நீ ஏன்டா கை தட்டுன?”



அன்றிலிருந்து ‘பதினெட்டு லிட்டர்’ நின்றுவிட்டது. கடைசிப் பதிவின் கீழே நடந்ததையெல்லாம் என் பெயர் போட்டு ஒரு கருத்தாக எழுதினேன். சித்தி அனுமதித்தால்தான் அது வெளியே தெரியும். ஒரு மாதம் பொறுத்துவிட்டு நேரில் போய்க் கேட்டேன்.

“பாத்தேன். வெளிய போட்டா ஒன் கூட்டாளிங்க எல்லாம் படிப்பானுங்க. வேணாம்.”

“அப்ப பிளோரன்ஸ் அக்கா?”

“என் வாயால சொல்லியே அவ நம்பல. நீ எழுதுனா நம்பிருவாளா?” என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டார்.

இது என் சொந்த வலைப்பக்கம்; இதற்கு அவர் அனுமதி தேவையில்லை. படித்தால் திட்டுவார்; திட்டட்டும். பிளோரன்ஸ் அக்கா, என் சித்தி மருந்தடிப்பவர். நாளைக் காலையும் பம்பு தூக்கப் போகிறார். பொய் சொன்னவன் நான். முகுந்தா, உனக்கும் இதுதான்.