டோக்கன் இரண்டாயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு

பழிவாங்க ஒரு உடல்வாகு வேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். தொந்தியும் முழங்கால் வலியும் உள்ளவன் யாரைத் துரத்துவது? மென்பொருள் எழுதுகிறவனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே அந்த வசதி உண்டு என்பது ஐம்பதை நெருங்கிய பிறகுதான் தெரிந்தது.

குரோம்பேட்டையில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. மருத்துவமனைகளுக்கும் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கும் டோக்கன் பலகை செய்து கொடுக்கிறோம். கவுண்ட்டரில் பொத்தானை அழுத்தினால் சுவரில் எண் ஒளிரும். ஒரு பெண் குரல் அதைப் படிக்கும். கணினியிலிருந்து பலகைக்குச் செய்தி போவது சாக்கெட் என்கிற மென்பொருள் இணைப்பு வழியாக. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் அந்த சாக்கெட்டைத் தன் இஷ்டத்துக்குத் திறந்து, தன் இஷ்டத்துக்கு மூட மறந்துகொண்டிருந்தார்கள். பொறுக்காமல் நான் 'சேனல்' என்று ஒன்றை வடிவமைத்தேன். திற, அனுப்பு, வாங்கு, மூடு. இந்த நான்கு சொல் போதும். அடியில் இருப்பது கம்பியா, வைஃபையா, இடையில் அறுந்தால் யார் ஒட்டவைப்பது என்பதெல்லாம் சேனலின் கவலை.

அதில் நான் உயிரைக் கொடுத்துச் செய்த இடம் ஒன்று உண்டு. சாக்கெட் என்பது தாம்பரம் மின்சார ரயில் மாதிரி. ஏறியவர்களை வரிசை குலையாமல், ஒருவரையும் தொலைக்காமல் கொண்டுபோய் இறக்கும். யார் எந்தக் குடும்பம் என்று மட்டும் அதற்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் பல்லாவரத்தில் இரண்டு குடும்பங்கள் அடுத்தடுத்து இறங்கினால், வெளியே நிற்கும் ஆட்டோக்காரர் மொத்தப் பேரையும் ஒரே வண்டியில் அடைத்துவிடுவார். ஆகவே என் சேனலில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒரு குடும்பத் தலைவர் இறங்கி, "நாங்க இத்தனை பேர்" என்று சொல்லிவிடுவார். அத்தனை பேரை மட்டும் எண்ணி வாங்கிக்கொள்ள வேண்டியது மறுமுனையின் பொறுப்பு.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வேலை ஆக வேண்டுமென்றால் என்னை 'அண்ணா' என்பார், ஆகிவிட்டால் 'சார்'. மீட்டிங்கில் 'நம்ம சீனியர் ரிசோர்ஸ்'. கிணற்று நீர், நிலக்கரி வரிசையில் நானும் ஒரு வளம்.

"எதுக்குண்ணா இந்தத் தலை எண்ணுற வேலையெல்லாம்? ஓவர் இன்ஜினியரிங்" என்றார் ஒருநாள்.

"அதை மட்டும் எடுத்துடாதீங்க. ரெண்டு செய்தி ஒட்டிக்கும்."

"என் டேபிள்ல எதுவும் ஒட்டலையே?"

அவர் மேஜையில் ஒட்டாது. ஒரே லேப்டாப்பில் இரண்டு பக்கத்தையும் ஓடவிட்டு, ஒரு விரலால், காபி குடித்தபடி, நிதானமாக ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். காலி ரயிலில் ஒரே ஒரு குடும்பம். எல்லாம் அழகாக இறங்கியது. தலை எண்ணுவதை வெட்டி எறிந்தார். மிச்சத்துக்குப் புதுப் பெயர் வைத்து, முதலாளிக்கு 'என் டிசைன்' என்று ஸ்லைடு போட்டுக் காட்டினார். இனி எல்லாப் பலகையும் அதில்தான் ஓடும், அவர் ஆர்க்கிடெக்ட் என்று பதவி உயர்வு பெறுவார், நான் சப்போர்ட்டுக்குப் போய் போனை எடுப்பேன் என்று முடிவானது. மேற்குத் தாம்பரத்துப் பரிசோதனை நிலையத்தில் புதுப் பலகை நல்லபடியாக ஓடிவிட்டால் அன்றைக்கே உத்தரவு.

வீட்டில் சொன்னேன். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மன்னிப்பைப் பற்றி ஞாயிறுதோறும் சர்ச்சில் கேட்டுவிட்டு வருபவள்தான். "எனக்கு சுகர் டெஸ்ட் எடுக்கணும்ல? அன்னைக்கே அங்கயே போறேன்" என்றாள். மன்னிக்கிற முகமாக அது இல்லை.

அன்று காலை அவள் வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தாள். அங்கிருந்த அத்தனை பேரும் வெறும் வயிறு. அவளுடைய டோக்கன் இருபத்தெட்டு. கவுண்ட்டர்கள் மூன்று, மூன்றிலும் நர்ஸ். மேனேஜரின் ஒற்றை விரலைப் போல நிதானமாக அழுத்த அவர்களுக்கு நேரமில்லை. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பொத்தானைத் தட்டினார்கள். இருபத்தேழும் இருபத்தெட்டும் கைகோத்துக்கொண்டு இறங்கின.

மனைவியிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் அந்தப் பெண் குரல் இனிமையாக அழைத்துக்கொண்டிருந்தது: "டோக்கன் எண் இரண்டாயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு."

"இன்னா சார் இது, ரெண்டாயிரம்னுகினு கீது? நான் முப்பது சார்! எப்போ ஊசி குத்திகினு எப்போ நாஷ்டா துன்றது?" என்று ஒருவர் கத்துவதும் கேட்டது.

"கேட்டுச்சா? எனக்குப் பசில தலை சுத்துது" என்றாள் மனைவி.

"வந்து சரி பண்ணிடவா?"

"கூப்பிடாம வந்தீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க."

அடுத்த அழைப்பு மேனேஜருடையது. முதல் வார்த்தையே அண்ணா.

நான் போனபோது முதலாளி அங்கே சிவந்த முகத்தோடு நின்றிருந்தார். மேனேஜர் என் காதருகே வந்து, "அண்ணா, அந்தத் தலை எண்ணுறதைத் திருப்பிப் போட்டுடுங்கண்ணா, ப்ளீஸ்" என்றார்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் கடைசி பெஞ்சு வரை எட்டும்படி சொன்னேன்: "உங்க டிசைன்ல நான் எப்படி சார் கை வைக்கிறது?"

முதலாளி திரும்பினார். "யாரு எழுதினது இதை?"

மேனேஜர் பலகையைப் பார்த்தார். பலகை அப்போது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது என்றது. "எழுதினது அண்ணாதான் சார். நான் கொஞ்சம்... சிம்ப்ளிஃபை பண்ணேன்."

"அப்ப ஆர்க்கிடெக்ட் விஷயம் இப்ப வேணாம். சார், நீங்க சப்போர்ட்டுக்குப் போக வேணாம். முதல்ல இதைப் பாருங்க."

அத்தோடு நல்ல மனிதன் ஒருவன் நிறுத்தியிருப்பான். நான் லேப்டாப்பைத் திறந்துகொண்டு கவலையோடு சொன்னேன்: "நேரம் ஆகும் சார். அதுவரைக்கும் யாராவது வாயாலதான் கூப்பிடணும். நம்பரெல்லாம் நல்லாத் தெரிஞ்சவங்களா இருந்தா நல்லது."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார்.

இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு அவர் பலகைக்கு அடியில் நின்று, "இருபத்தேழு! இருபத்தெட்டு!" என்று கூவ ஆரம்பித்தார். பசியில் இருப்பவர்கள் விடுவார்களா? "சத்தமா கூவு நைனா, கடைசீல கேக்கல" என்றார் டோக்கன் முப்பது.

மனைவி ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டிபன் டப்பாவைத் திறந்து ஒரு இட்லியை மென்றபடி என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் முடியலையா?"

"நீ உள்ள போகும்போதே முடிஞ்சுது."

அவள் மேனேஜரைப் பார்த்தாள். தொண்டை கட்டிய குரலில் அவர் முப்பத்தைந்தை இரண்டாம் முறையாக அழைத்துக்கொண்டிருந்தார். அவள் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

"சட்னி நல்லா இருக்கு. மெதுவா சாப்பிடுங்க."