'ஏனுங்க' என்றால் போனுக்குப் புரியாது

சனிக்கிழமை காலை சரசு சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

சரசு, நாகலூரிலிருந்து பஸ் ஏறி ஏற்காட்டில் எங்கள் வீட்டு வேலைக்கு வருபவர். கணவர் அங்கேயே ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார்.

பத்து நாளைக்கு முன்னால் சரசுவின் போனைப் பார்த்தேன். அடேயப்பா! ஹோம் ஸ்கிரீனா அது, சந்தைக்கடையா? மூன்று பக்கம் ஐகான்கள், ஏழெட்டுப் பேரின் போட்டோ, இரண்டு கடிகாரம், நடுவில் சேர்வராயன் கோயில் படம்... எனக்குத்தான் எதையாவது ஒழுங்குபடுத்தாவிட்டால் கை அரிக்குமே! வாங்கி, எல்லாவற்றையும் துடைத்து எடுத்தேன். மிச்சம் மூன்றே மூன்று — மைக், கேமரா, வாட்ஸ்அப்.

எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவருக்கு இதைவிட எளிமை வேண்டுமா? மைக்கை அழுத்தி, ஆளின் பேரைச் சொன்னால் கால் போய்விடும் என்று பாடமும் நடத்தினேன். சரசு தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் நாகலூர் வீட்டுக்குத் திரும்பியிருந்த நேரம், அவருடைய நாலு வயது மகளைக் குளவி கொட்டிவிட்டது. முகமெல்லாம் வீக்கம், மூச்சு இழுக்கிறது. ஜீப் வந்தால்தான் ஆஸ்பத்திரி. முன்பென்றால் கணவரின் போட்டோவைத் தொட்டாலே கால் போய்விடும். அதைத்தான் நான் தூக்கிவிட்டேனே! பாவம், மைக்கை அழுத்தியிருக்கிறார்.

"ஏனுங்கன்னு கூப்புட்டேனுங்க. புரியலைன்னுச்சு. பாப்பாவோட அப்பான்னேன். அதுக்கும் புரியலைன்னுச்சுங்க."

எனக்குத் திக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து கணவர் பேரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லையாம். பேரைச் சொன்னால் போதும் என்று பெரிய மேதாவி போலச் சொன்னேனே... அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? எனக்குச் சந்தைக்கடையாகத் தெரிந்ததில் அவருக்கு வேண்டியவர்கள் எல்லாரும் முகத்தோடு இருந்திருக்கிறார்கள். எளிமை, எளிமை என்கிறோம் — யாருக்கு எளிமை?

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"பாப்பாவுக்குக் கண்ணு சொருகிருச்சுங்க. பேரைச் சொல்லிட்டேன்."

பத்தே நிமிடத்தில் ஜீப் வந்திருக்கிறது. ஊசி போட்டு, சாயந்திரத்துக்குள் குழந்தை தேறிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் சொன்ன இடத்தில் ஒவ்வொரு போட்டோவாகத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். மூன்று பக்கமும் நிரம்பிவிட்டது.

கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்றார் சரசு.

"நான் பேரு சொன்னது அவருக்குத் தெரியாதுங்க. நொம்ப வருத்தப்படுவாரு. நீங்க பாட்டுக்குப் பத்திரிகையில எழுதிறாதீங்க."

எழுதிவிட்டேன்... ஆனால் சரசு என்பது அவர் பெயரில்லை!