மூச்சைப் பிடித்த கொக்கி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டுப் பயிற்சியின் நடுவே என் மூச்சு நின்றுபோனது.

பயப்படாதீர்கள். ஆள் நன்றாகத்தான் இருக்கிறேன், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் இந்த வாரம் காலியாக வந்திருக்கும். ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்குச் சில வாரங்களே இருந்தன. திருவிழாப் பூசையில் தியானப் பாடலைத் தனியாகப் பாடுவது பல வருடங்களாக நான்தான். அதில் நீளமான வரி ஒன்று உண்டு. ஒரே மூச்சில் மேலே ஏறி, அங்கே கொஞ்ச நேரம் நின்று, மெதுவாக இறங்க வேண்டும். அன்றைக்கு ஏறினேன். நிற்க முடியவில்லை. படியில் கால் தடுக்கியவள் மாதிரி விழுந்தேன்.

மறுபடி பாடினேன். மறுபடி விழுந்தேன்.

சேவியர் மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். எங்கள் பாடகர் குழுவை நடத்துகிறவர். யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

“டீச்சர், வருசா வருசம் நீங்களே கஷ்டப்பட்டுகினு கீறீங்க. இந்த தபா நான்சி பாடட்டுமே. நீங்க பின்னால கோரஸ்ல நில்லுங்க... முடியலன்னா ஒக்காந்துகினு கூட பாடலாம்.”

உட்கார்ந்துகொண்டா?

வருடம் முழுக்க நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் செல்வராஜ் மனைவி. தெருவில் கெவின் அம்மா. அந்த ஒரு பாட்டு நேரம் மட்டும்தான் நான் வெறும் ரோஸி. அதையும் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் ஒரு நாற்காலி வாங்கிக்கொள்ள வேண்டுமா? நான்சி வேறு நன்றாகப் பாடுகிற பெண். மோசமாகப் பாடினாலாவது மனசு ஆறும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். எந்தப் பிரச்னைக்கும் காரணத்தை மேலிருந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

“சாம்பலு” என்றார்.

“இன்னா சாம்பலு?”

“எண்ணூர் பவர் ஹவுஸ் சாம்பலு. அது மேல கன்டெய்னர் லாரி பொக. தெனம் பஸ்ல போயி வந்துகினு கீற. நுரையீரலு இன்னாத்துக்கு ஆவும்? அப்பவே சொன்னேன், தாம்பரத்தாண்ட எங்க அக்கா வூட்டுப் பக்கம் போயிடலாம்னு. கேட்டியா நீ?”

பொழுது சாய்வதற்குள் என் நுரையீரல் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர் வீட்டு அம்மா தூதுவளை கொண்டுவந்து கொடுத்தார். செல்வராஜ் தாம்பரத்துக்குப் போன் போட்டு, வாடகைக்கு வீடு பார்க்கச் சொன்னார்.

சிரிப்பாக எழுதுகிறேன். ஆனால் எனக்குள்ளும் பயம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் மூச்சுத் திணறலை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. பள்ளியில் மாடி ஏறும்போது இரைத்தது ஞாபகம் வந்தது. சாயங்காலமானால் தோள்பட்டையில் குடைச்சல், முதுகில் பட்டை போட்ட மாதிரி வலி. எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் வந்த விடை நன்றாக இல்லை.

டாக்டர் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார்.

எக்ஸ்ரே எடுக்க ஒரு பெண் இருந்தார். பச்சை கவுன் ஒன்றை நீட்டினார். “செயின், பிரா எல்லாம் கழட்டிட்டு இதப் போட்டுக்குங்க மேடம்.” போட்டுக்கொண்டு வந்து பலகையோடு ஒட்டி நின்றேன். “மூச்ச நல்லா இழுங்க... அப்டியே புடிங்க.”

இழுத்தேன்.

காற்று உள்ளே போனது. இன்னும் போனது. அடிவயிறு வரைக்கும் போய், அங்கே இடம் பார்த்து உட்கார்ந்தது. இவ்வளவு காற்று எனக்குள் போய் எத்தனை காலமாயிற்று? அதிசயத்தில் பிடித்துவைக்க மறந்துபோனேன்.

“மேடம், புடிக்கச் சொன்னேன்.”

“இன்னொரு தடவ இழுக்கட்டுமா?”

அவருக்கு ஒரு தடவை போதுமாம். எனக்குப் போதவில்லை. உடை மாற்றும் மறைப்புக்குள் போனதும் உதட்டுக்குள்ளேயே அந்த வரியைப் பாடிப் பார்த்தேன். ஏறியது. நின்றது. இறங்கியது. பிறகு பிராவைப் போட்டு, கொக்கியை மாட்டி, மறுபடி பாடினேன். பாதியில் விழுந்தேன்.

அந்த மறைப்புக்குள் நின்று நான் சிரித்த சிரிப்பில், வெளியே இருந்தவர் “மேடம், ஆர் யூ ஓகே?” என்று கேட்டார்.

ரிப்போர்ட் வந்தது. நுரையீரல் பளிச்சென்று இருந்தது. செல்வராஜுக்கு நிம்மதி ஒரு பக்கம், ஏமாற்றம் ஒரு பக்கம்.

“அப்ப சாம்பல் இல்லியா?”

“இல்ல.”

“அப்ப இன்னாதான்?”

சொன்னேன். சீலிங் ஃபேனின் வேகத்தைக் கூட்டினார். பிறகு அக்காவுக்குப் போன் போட்டு, வீடு பார்க்க வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் காரணம் கேட்டிருப்பார்கள் போல. “கேஸ் டிரபிளு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பள்ளி நாளிலிருந்து கூட இருக்கும் ஜெசிந்தாவிடம்தான் முழுதாகச் சொன்னேன். அவளும் பாடகர் குழுவில் இருக்கிறாள். கேட்டதும் கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

“பாடி டைட்டுடி ஒனக்கு. இதுக்குப் போயி ஊர காலி பண்ணப் பாத்தியா? இன்னா சைஸு போடுற?”

“முப்பத்தி நாலு.”

“எப்பத்துலேர்ந்து?”

கல்யாணத்திலிருந்து என்றேன். சொல்லும்போதே எனக்கே அசிங்கமாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு கண்ணாடி பவர் மாறியது. செருப்பு அளவு மாறியது. ரவிக்கையை எத்தனை முறை பிரித்துத் தைத்தேனோ தெரியாது. இந்த எண் மட்டும் ஆதார் எண் மாதிரி அப்படியே நின்றுவிட்டது. கடையில் அவசர அவசரமாகக் கேட்டு, கவரில் சுற்றி வாங்கி, மொட்டைமாடியில் துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுகிற பொருள்... அதன் அளவை யார் நின்று நிதானமாக யோசிக்கிறோம்?

அளந்து பார்ப்பது என்று முடிவானது. வீட்டில் துணி டேப் இல்லை. செல்வராஜின் டூல்ஸ் பையில் இரும்பு டேப்தான் இருந்தது.

“அசையாதடி.”

“சில்லுனு கீதுடி.”

“கிரேன் அளக்குற டேப்பு, வேற எப்டி இருக்கும்?”

கடைசியில் சணல் கயிற்றால் சுற்றி, அந்தக் கயிற்றை இரும்பு டேப்பில் வைத்துப் பார்த்தோம். பிறகு போனில் தேடிக் கணக்குப் போட்டோம். மார்புக்குக் கீழே ஓர் அளவு, மேலே ஓர் அளவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஓர் ஆங்கில எழுத்து வருகிறது. எண்ணிலிருந்து எண்ணைக் கழித்தால் எழுத்து எப்படி வரும்? இத்தனை காலம் கணக்கு நடத்துகிற எனக்கு இன்று வரை விளங்கவில்லை. முப்பத்தெட்டு சி என்று வந்தது. பரீட்சைப் பேப்பரில் மார்க் போட்ட மாதிரி இருந்தது.

சரி, அளவு கிடைத்துவிட்டது, வாங்குவதுதான் பாக்கி என்று நினைத்தோம். அங்கேதான் ஏமாந்தோம்.

முதலில் எம்.சி. ரோட்டில் பெரிய கடை. கவுன்டரில் மீசை வைத்த ஒருவர். நான் குனிந்து மெதுவாக அளவைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து, ஏணி மேல் நின்ற இன்னொருவரிடம் கடை முழுக்கக் கேட்கும்படி ஒப்பித்தார். “முப்பத்தெட்டு சி, ஸ்கின் கலரு, அக்காவுக்கு.” எந்த அக்காவுக்கு என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மாணவி ஒருத்தியின் அம்மா உட்பட.

“சி இல்லக்கா. நாப்பது எடுத்துக்கோங்க, செரியா வரும்.”

“போட்டுப் பாக்கலாமா?”

“டிரையல் இல்லக்கா. ரிட்டனும் இல்ல.”

ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. “செருப்பு வாங்குனா நடந்து பாருன்ற. வாட்ச்சு வாங்குனா கட்டிப் பாருன்ற. நாள் பூரா ஒடம்புல ஒட்டிகினு கீறத மட்டும் கண்ண மூடிகினு வாங்கணுமா நைனா?”

அவர் நியாயமான மனிதர். தலையாட்டிவிட்டு அடுத்த கஸ்டமரிடம் போய்விட்டார்.

பிறகு ஆன்லைன். பார்சலை வாசலிலேயே பிரித்தார் செல்வராஜ், தனக்கு வந்த போன் கவர் என்று நினைத்து. பிரித்த வேகத்தில் மூடினார். உள்ளே கம்பி வைத்த ஒன்று. போட்டுக்கொண்டு ஒரு பீரியட் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் கையைத் தூக்கும்போதெல்லாம் கம்பி விலாவில் குத்தியது. வட்டத்தின் பரப்பளவைப் பாதியில் நிறுத்திவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன். அடுத்து வந்தது மிகப் பெரியது. அதற்குள் என்னோடு நான்சியும் வரலாம்.

திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பயிற்சியில் நான்சி நன்றாகப் பாடிக்கொண்டிருந்தாள். “திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு வரைக்கும் டைம் குடுங்க மாஸ்டர்” என்று மட்டும் கேட்டிருந்தேன்.

பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், காலடிப்பேட்டையில் ஒரு சின்ன நைட்டி கடை. ஷகிலா என்ற பெண் நடத்துகிறார். எத்தனையோ நாள் பஸ்ஸிலிருந்து பார்த்த கடைதான். அன்று இறங்கிவிட்டேன். கேட்டதும் முதல் வார்த்தையே அவர் சொன்னது: “உள்ள திரை கீதுக்கா. போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க.”

கண்ணில் தண்ணீர் வராத குறை.

ஷகிலாவுக்கு என்னைப் பார்த்ததும் அளவு தெரிந்துவிடவில்லை. அவர் எடுத்துக் கொடுத்த முதல் பெட்டியும் தப்பு, அடுத்ததும் தப்பு. தோளில் பட்டி நழுவியது ஒன்று, பக்கத்தில் பிதுங்கியது ஒன்று. ஆனால் முகம் சுளிக்காமல் திரைக்கு மேலே பெட்டிகளை நீட்டிக்கொண்டே இருந்தார்.

“உங்களுக்குச் செரியானது எப்டி கண்டுபுடிச்சீங்க?” என்று உள்ளிருந்தே கேட்டேன்.

“நீங்க வேறக்கா. விக்கிறது நானு, எனக்கே இன்னும் செரியானது மாட்டல. வூட்டுக்குப் போனா மொத வேல அத்த கழட்டிப் போடுறதுதான்.”

திரைக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்தோம். ஊரில் பாதிப் பேர் சாயங்காலம் வீட்டுக் கதவைச் சாத்தியதும் செய்கிற முதல் காரியம் அது. யாரும் யாரிடமும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து வந்தது சாதாரணமான பருத்தி. லேஸ் இல்லை, பூ இல்லை, கம்பி இல்லை. அகலமான பட்டி. மாட்டினேன். குத்தவில்லை. கையைத் தூக்கினேன். பட்டி மேலே ஏறவில்லை. கடைசிப் பரீட்சை ஒன்று பாக்கி இருந்தது. இடம், பொருள் எல்லாம் மறந்து, அந்த வரியை முழுக் குரலில் பாடினேன்.

ஏறியது. நின்றது... நின்றது... இறங்கியது.

பக்கத்து டீக்கடையிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது: “ஷகிலாக்கா, ரேடியோ வாங்கிட்டியா? சோக்கா பாடுதே.”

அதே மாதிரி இன்னும் சில வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முந்தின ஞாயிறு மாஸ்டர் முன்னால் பாடினேன். நான்சியிடமிருந்து பாட்டுத் தாளை வாங்கி என்னிடம் கொடுத்தார். அவள் முகம் வாடும் என்று நினைத்தேன். அவள் என் காதருகே வந்து, “எந்தக் கடைக்கா? ஜெசிந்தாக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க” என்றாள். கேலிக்காக அல்ல, தனக்காகத்தான் கேட்டாள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் அதே கதை.

திருவிழா அன்று கோயில் நிரம்பி வழிந்தது. என் முறை வந்தது. மூச்சை இழுத்தேன். அந்த வரியில் நிற்க வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றேன். தேவைக்காக அல்ல, சந்தோஷத்துக்காக. மாஸ்டர் கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு நான் இறங்கி வரும் வரை காத்திருந்தார்.

பூசை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். “டீச்சர், ஒரு மாசத்துல ஆளே மாறிட்டீங்க. டாக்டரு இன்னா மருந்து குடுத்தாரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா முந்திக்கொண்டாள். “மருந்தெல்லாம் ஒண்ணியும் இல்ல மாஸ்டர். எல்லாம் பாடிதான்.”

மாஸ்டர் மனம் நிறைந்து தலையாட்டினார். “அத்ததான் நான்சிகிட்ட சொல்லிகினே கீறேன். பாடிப் பாடித்தான் வரணும்.”

நான்சி பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். பின்வரிசை மொத்தமும் குனிந்து செருப்புத் தேடியது.

பெரியவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே... நானும் தலையாட்டிவிட்டேன்.