நாற்பத்தொரு வகைச் செடிகள்

வல்லத்துக்குப் போகும் வழியில் ஒரு கல்குவாரி மூடிக் கிடந்தது. அதை ஒட்டிய வீட்டில் சவரியம்மாள் ஆடு வளர்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ரஞ்சனி ஒரு நாள் கயிறும் நோட்டுமாக வந்தாள். வெட்டிப்போட்ட நிலம் எப்படித் தேறுகிறது என்று பார்க்கப்போவதாகச் சொன்னாள்.

"ஆட்ட மட்டும் உள்ள விடாதீங்கக்கா" என்று கேட்டுக்கொண்டாள்.

சின்னப் பெண் கேட்கிறாளே என்று சவரியம்மாள் ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஆடுகளைச் சுற்றுவழியாக ஏரிக்கரைக்கு ஓட்டினாள்.

முதல் மழைக்குக் கல்பொடி மேல் பாசி படர்ந்தது. மறுவருஷம் புல்லும் நெருஞ்சியும் வந்தன. அவை மக்கிய இடத்தில் எருக்கும் ஆவாரையும் எழுந்தன. காரைப் புதருக்குள் குருவி போட்ட விதையில் வேம்பு முளைத்தது. சுற்றிலும் முள் இருந்ததால் பிழைத்தது. ரஞ்சனி வருஷத்துக்கு இருமுறை வந்து, கயிற்றால் கட்டம் போட்டு எண்ணுவாள். அவளுக்குப் பேர் தெரியாத செடிக்கெல்லாம் சவரியம்மாள்தான் பேர் சொன்னாள். ஒரு கோடையில் எவனோ போட்ட பீடியில் புல் பற்றிக்கொண்டது. ஈரச்சாக்கால் அடித்து அணைத்ததில் சவரியம்மாளின் இடது கை வெந்துபோனது.

ஒன்பதாம் வருஷம், குவாரியைத் திரும்பத் திறக்கக் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். மேடையில் ரஞ்சனி இருந்தாள். இப்போது அவளுக்கு ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. குவாரிக்காரருக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தவளே அவள்தான். அதை அவள் சவரியம்மாளிடம் சொன்னதேயில்லை. ஒன்பதே வருஷத்தில் இங்கே நாற்பத்தொரு வகைச் செடிகள் தானாக வளர்ந்திருக்கின்றன, மறுபடி வெட்டினாலும் நிலம் இதேபோல் தேறிவிடும் என்று படித்தாள்.

சவரியம்மாள் எழுந்தாள். "தானாவா வளந்துச்சி, ரஞ்சனி?"

ரஞ்சனி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எண்ணிக்கையெல்லாம் சரியானதுதான் என்றாள்.

"எண்ணிக்கை சரிதான். நான் காவல் இருந்தது அதுல எங்க இருக்குது?"

அடுத்தவர் பேசட்டும் என்று சவரியம்மாளிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

அனுமதி கிடைத்தது. இயந்திரம் வந்து ஒரே முற்பகலில் குவாரிச் சரிவைச் செடியோடு வழித்துப்போட்டது. சவரியம்மாள் அன்று உலை வைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ரஞ்சனி வீட்டுக்கு வந்தாள். மேலே இருப்பவர்கள் கேட்டபடி எழுத வேண்டியதாயிற்று என்றாள். பிறகு, அவலூர்பேட்டைப் பக்கம் இன்னொரு குவாரி மூடியிருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றாள்.

சவரியம்மாள் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"உன் பேச்சை நம்பித்தான் இத்தன வருசம் காத்தேன்" என்றாள். "இனிமே இங்க வராத."

கதவைச் சாத்தினாள். வெளியே ரஞ்சனியின் வண்டி கிளம்ப வெகுநேரம் ஆனது.