இருநூற்றுப் பதின்மூன்றாம் ஆண்டைக் கேட்டுச் சிதம்பரம் போனேன்

'கணவாய்' விண்கப்பலின் வரலாற்றை இந்த வலைப்பூவில் படிப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: 212ஆம் ஆண்டோடு ஏன் நின்றுவிட்டது?

புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் நானும் ஜெனிட்டாவும் சேர்ந்து கற்பனை செய்த கப்பல் அது. கணவாய் மீனைப் போலப் பத்துக் கைகள். யாராவது துரத்தினால் கறுப்புப் புகை விட்டு மறையும். உள்ளே நாலாயிரம் பேர் உறக்கத்தில் இருக்கிறார்கள். ஓட்டுபவர்கள் இருவர்: என்னுடைய மேகலை, அவளுடைய ரூத். பயணத்தின் ஒற்றைப்படை ஆண்டுகளை ஜெனிட்டா எழுத வேண்டும், இரட்டைப்படை எனக்கு. ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி திருத்தக் கூடாது.

212இல் இயந்திரம் நின்றது, ஓராண்டுக்கு மட்டுமே காற்று மிச்சம் என்று எழுதினேன். அடுத்த வாரம், பத்தாம் வகுப்பின் பாதியில், பள்ளியை விட்டேன். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, மீன் கூடையை நான் எடுத்தேன். மூன்று வருடமாக 213 வரவில்லை. அது வராமல் அந்த நாலாயிரம் பேருக்கும் விடிவில்லை.

போன செவ்வாய்க்கிழமை புயல் எச்சரிக்கை. படகுகள் போகவில்லை, எனக்கும் வேலை இல்லை. ஜெனிட்டா இப்போது சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். பேசக் கூச்சமாக இருந்ததால் குறுஞ்செய்தி அனுப்பினேன். "வா" என்று மட்டும் பதில் வந்தது.

கடலூர் முதுநகரில் காலை 9.20க்குப் பேருந்து. கட்டணம் நாற்பது ரூபாய், தூரம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஆலப்பாக்கம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஓரம் உட்காராதீர்கள், கதவு முழுசாக மூடாது. வெள்ளாற்றுப் பாலத்தில் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். 10.45க்குச் சிதம்பரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

"இன்னாம்மா, கருவாடு வாசன தூக்குது? மாமியார் ஊட்டுக்கா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணா, கூட்டாளிக்கு."

"நமக்கெல்லாம் யாரு குடுக்குறாங்க!" என்றார். ஆட்டோவில் எல்லோரும் சிரித்தார்கள். நான் பையை மடியில் அழுத்திக்கொண்டேன்.

விடுதிக்கு எதிரே தேநீர்க் கடையில் ஜெனிட்டா நின்றிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். எனக்கு அது தெரியாது.

"கடத்தெருவுல என்னப் பாத்தாலே ஒளிஞ்சிக்குவ. பஸ் ஏறி வந்துட்டியாடி?"

"இருநூத்திப் பதிமூணு எழுதுறியா?" என்றேன்.

"அது எப்பவோ எழுதியாச்சு. நீ ஸ்கூலுக்கு வராம நின்ன அந்த வாரமே எழுதிட்டேன். அனுப்பதான் மனசு வரல."

மடித்த தாளை நீட்டினாள். ஒரு சந்திரனில் எரிபொருள் தேட மேகலை இறங்குகிறாள். ரூத் ஆறு நாள் கூப்பிடுகிறாள். பதில் இல்லை. மேகலை இறங்கிய சிறு ஓடத்துக்கென்று ஒதுக்கியதில் அவள் கொண்டுபோகாமல் விட்ட எரிபொருளை வைத்து ரூத் தனியாகக் கப்பலைக் கிளப்பிப் போகிறாள்.

"கோவத்துல எழுதினியா?"

"பின்ன? ஆறு நாளு பெஞ்சுல உனக்கு எடம் புடிச்சி வெச்சேன். மத்தவளுங்க கிண்டல் பண்ணாளுங்க. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா இன்னாவாம்?"

"சொன்னா அழுதுடுவேன்னுதான்..."

"நான் மட்டும் சிரிச்சனா?"

தேநீர் ஆறிப்போனது. "வேணும்னா மாத்திடு. எனக்கு இப்ப அதெல்லாம் எழுத நேரமில்ல" என்றாள். வேண்டாம் என்றேன். கருவாட்டைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். வகுப்புக்கு மணியாகிவிட்டது. 12.10 பேருந்தில் திரும்பினேன்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: கருவாட்டை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டுங்கள். விடுதியில் யாரையாவது பார்க்கப் போனால் மதிய இடைவேளையில் போங்கள், பேச நேரம் கிடைக்கும். யாரோடாவது சேர்ந்து எழுதிய கதை பாதியில் நின்றிருந்தால், விட்டுப்போனது யார் என்று யோசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

213ஐ ஓர் எழுத்தும் மாற்றாமல் நேற்றுப் பதிவேற்றிவிட்டேன். நாலாயிரம் பேரும் பிழைத்தார்கள். 214 என்னுடைய முறை. மேகலை இருக்கும் சந்திரனிலிருந்துதான் அதை எழுத முடியும். ஒரு வரிதான் வந்திருக்கிறது: ரூத் கூப்பிட்ட ஆறு நாளும் மேகலைக்குக் கேட்டது.